டிரை சூட்டுக்கு எக்ஸாஸ்ட் வால்வு: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

முதல் டிரை சூட், அதாவது தண்ணீர் உள்ளே புகாத டைவிங் உடை, வாங்கப் போகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். துணி நியோப்ரீனா, டிரைலாமினேட்டா என்று ஒரு வாரம் யோசித்திருப்பார்கள். ஜிப் முன்னால் வேண்டுமா, முதுகில் குறுக்கே வேண்டுமா என்று இன்னொரு வாரம். பூட்ஸ், பாக்கெட், நிறம் எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து இருக்கும். இடது கையில் வட்டமாக, கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும், காற்றை வெளியே விடும் அந்த எக்ஸாஸ்ட் வால்வைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அதுவா, சூட்டோடு வருவதுதானே" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் முதல் டிரை சூட் இன்னொருவர் போட்டுக் கழித்தது. நல்ல சூட்தான். ஆனால் எக்ஸாஸ்ட் வால்வு கையின் வெளிப்பக்கத்தில் இல்லாமல் முன்பக்கம் தள்ளி, முழங்கைக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. கடையில் போட்டுப் பார்த்தபோது அது எனக்கு உறைக்கவே இல்லை. மூன்றாவது டைவில், மேலே வரும் வழியில் 5 மீட்டர் ஆழத்தில் சற்று நிற்க வேண்டிய நேரத்தில் உறைத்தது. சொல்லிக் கொடுத்தபடி முழங்கையைத் தூக்கினேன், காற்று போகவில்லை. இன்னும் தூக்கினேன், வால்வின் மேலிருக்கும் குமிழை அமுக்கினேன், இரண்டு காற்றுக் குமிழி போனதோடு நின்றுவிட்டது. முதுகிலும் தோளிலும் காற்று பந்தாகத் திரண்டிருப்பது தெரிகிறது, உடம்பு மெல்ல மேலே போகிறது. கடைசியில் கழுத்து சீலுக்குள் (கழுத்தைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் இறுக்கமான பட்டை) ஒரு விரலை விட்டு இழுத்தேன். காற்று போனது, குளிர்ந்த தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்கியது. கரைக்கு வந்து பிரித்துப் பார்த்தால் வால்வில் எந்தப் பழுதும் இல்லை. இருந்த இடம்தான் தப்பு. போதாக்குறைக்கு உள்ளே போட்டிருந்த தடித்த உட்சூட்டின் கை அதன் வாயை அடைத்துக்கொண்டிருந்தது.

அதனால்தான் இந்தக் கட்டுரையில் மாடல், நிறுவனம் இதெல்லாம் பின்னால் வருகிறது. முதலில் இடம், அப்புறம் உங்கள் உடம்பு அசையும் விதம், அதற்குப் பிறகுதான் வால்வு.

முதலில், அது என்ன செய்கிறது?

கீழே இறங்க இறங்க சூட்டுக்குள் இருக்கும் காற்று சுருங்கும், துணி உடம்பை நெருக்கும். அதற்காக நெஞ்சில் உள்ள இன்ஃப்ளேட்டர் வால்வை அமுக்கிக் கொஞ்சம் காற்று விட்டுக்கொள்கிறோம். மேலே ஏறும்போது அதே காற்று விரியும். அதை வெளியே விடத்தான் எக்ஸாஸ்ட் வால்வு.

கணக்கு எளிது. நீர்மட்டத்தில் அழுத்தம் 1 பார், 10 மீட்டரில் 2, 30 மீட்டரில் 4. 30 மீட்டரில் சூட்டுக்குள் 5 லிட்டர் காற்று இருந்தால், எதையும் வெளியே விடாமல் ஏறினால் 10 மீட்டரில் அது 10 லிட்டர், மேலே வரும்போது 20 லிட்டர். ஒவ்வொரு லிட்டரும் ஏறத்தாழ ஒரு கிலோ அளவுக்கு உங்களை மேலே தூக்கும். கவனியுங்கள்: 30 மீட்டரிலிருந்து 10 வரை 20 மீட்டர் ஏறினால் காற்று இரண்டு மடங்கு ஆகிறது. கடைசிப் 10 மீட்டரில் மட்டுமே இன்னொரு இரண்டு மடங்கு. வால்வு சரியில்லை என்பது ஆழத்தில் தெரிவதில்லை, மேலே நெருங்கும்போதுதான் தெரிகிறது. ஒரே ஆழத்தில் நிதானமாக நிற்க வேண்டிய இடமும் அதுதான்.

வால்வைத் திறப்பது கை அல்ல, உயரம்

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும், அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

இன்று பெரும்பாலான சூட்களில் இருப்பது, திருகி அளவு வைக்கக்கூடிய தானியங்கி வால்வு. இந்த வகையை உருவாக்கியவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்டிக் இன்சுலான். அதன் உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, அதை அழுத்திப் பிடிக்கும் ஒரு மெல்லிய ஸ்பிரிங், மேலே திருகும் குமிழ். குமிழை வலஞ்சுழியாகத் திருகினால் ஸ்பிரிங் இறுகும், திறக்க அதிக அழுத்தம் வேண்டும். இடஞ்சுழியாகத் திருகினால் தளரும், கொஞ்சம் அழுத்தத்துக்கே திறக்கும். தண்ணீர்க் குழாயைத் திருகுவது போலத்தான். பல மாடல்களில் இதற்கும் கீழே இன்னொரு மெல்லிய சவ்வு உண்டு. வெளியே போகும் காற்றுக்கு வழி விட்டு, உள்ளே வரும் தண்ணீரைத் தடுப்பது அதன் வேலை.

சரி, திறக்கும் அந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது? சூட்டுக்குள் காற்று ஒரே பெரிய குமிழியாக இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குமிழிக்குள் எங்கே அளந்தாலும் அழுத்தம் ஒன்றுதான்: குமிழியின் அடிமட்டம் இருக்கும் ஆழத்தில் தண்ணீருக்கு என்ன அழுத்தமோ அது. வெளியே தண்ணீர் அப்படியல்ல, ஒவ்வொரு 10 செ.மீ. மேலே போகப் போக அதன் அழுத்தம் சுமார் 10 மில்லிபார் குறையும். ஆகவே குமிழியின் அடிமட்டத்தைவிட வால்வு 20 செ.மீ. மேலே இருந்தால், உள்ளே இருக்கும் காற்று வெளியே உள்ள தண்ணீரைவிட 20 மில்லிபார் கூடுதலாக வால்வைத் தள்ளும். ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் அதுவே திறக்கப் போதும். கையைத் தாழ்த்தினால் வால்வு குமிழிக்குக் கீழே போய்விடும். அப்போது குமிழை முழுதாகத் திறந்து வைத்திருந்தாலும் காற்று போகாது, வெளியே இருக்கும் தண்ணீர்தான் சவ்வை அமுக்கிக்கொண்டிருக்கும்.

அதாவது, வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போதுகூட அதற்கு உண்மையான சுவிட்ச் உங்கள் முழங்கை. தூக்கினால் திறக்கும், இறக்கினால் மூடும். தூக்கியபோது வால்வு உடம்பிலேயே உயரமான புள்ளியாக இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல வால்வாக இருந்தாலும் பயனில்லை. என் பழைய சூட்டில் நடந்தது இதுதான்: முழங்கையைத் தூக்கினால் தோள் மேலே போனது, வால்வு கீழ்நோக்கிப் பார்த்தது.

முதல் படி: உங்கள் டைவ் எப்படிப்பட்டது என்று பாருங்கள்

மிதப்பைச் சூட்டிலேயே சமாளிப்பீர்களா, பி.சி.டி.யிலா (மிதப்புக்காகக் காற்று நிரப்பும் மேலங்கி)? சில பயிற்சி அமைப்புகள் தண்ணீருக்குக் கீழே சூட்டில் மட்டும் காற்று விடச் சொல்லும். சில அமைப்புகள் சூட்டில் நெருக்கம் போகும் அளவுக்கு மட்டும் விட்டு, மிச்சத்தை பி.சி.டி.யில் பார்க்கச் சொல்லும். முதல் முறையில் வால்வு வழியாகப் போகும் காற்று அதிகம், அடிக்கடி வேலை செய்யும். இரண்டாவதில் குறைவு. உங்கள் பயிற்சியாளர் எதைச் சொல்கிறாரோ அதன்படி முடிவெடுங்கள். இணையத்தில் இதைப் பற்றி நடக்கும் சண்டைக்கு முடிவே கிடையாது.

அடுத்தது, கைகளுக்கு என்ன வேலை? கேமரா வைத்திருப்பவர் ஃபிளாஷின் கையைச் சரிசெய்ய இடது கையை அடிக்கடி உயர்த்துவார். வால்வு முழுக்கத் திறந்திருந்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் காற்று போய்விடும். திரும்பக் காற்று விட வேண்டும், குளிரும் ஏறும். அவருக்குச் சின்னச் சின்னப் படியாக இறுக்கி வைக்கக்கூடிய குமிழ் தேவை. தண்ணீர் மிகவும் குளிராக இருந்து தடித்த கையுறையோ உலர் கையுறையோ போடுபவருக்கு, விரலுக்குப் பிடிபடும் பெரிய பள்ளங்கள் உள்ள குமிழ் தேவை. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனால் நேரம் மிச்சம்.

இரண்டாம் படி: மேல்கையா, மணிக்கட்டா?

இரண்டு இடங்கள்தான் பரவலாக உண்டு. இடது மேல்கையின் வெளிப்பக்கம் ஒன்று, மணிக்கட்டுக்குச் சற்று மேலே இன்னொன்று.

மணிக்கட்டு வால்வில் பெரும்பாலும் குமிழ் எதுவும் இருக்காது. சின்னது, உள்ளே பாகங்கள் குறைவு, கெட்டுப்போகவும் அதிகம் எதுவும் இல்லை. கையை நேராக மேலே நீட்டினால் காற்று போகும். பல ஆண்டுகள் டைவ் செய்த சிலர் இதைத்தான் விரும்புவார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புதியவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். பி.சி.டி.யின் காற்றுக் குழாயைத் தூக்கும்போது, கைக்கடிகாரத்தைப் பார்க்கும்போது, நண்பருக்குச் சைகை காட்டும்போது எல்லாம் கை உயரும். உயரும் ஒவ்வொரு முறையும் காற்று போகும். அதை மூடி வைக்கவும் வழி இருக்காது. உடம்பின் மிதப்பே இன்னும் கைக்கு வராத நிலையில் இது இன்னொரு தலைவலி. நீர்மட்டத்தில் கையை உயர்த்தி படகைக் கூப்பிட்டால்கூட சூட்டில் இருந்த காற்று கொஞ்சம் போய்விடும்.

மேல்கை வால்வே பொதுவான தேர்வு. அதிலும் இடது கை என்பதற்குக் காரணம் உண்டு. பி.சி.டி.யின் காற்றுக் குழாயும் இடப்பக்கம்தான் வருகிறது. ஏறும்போது இடது கையை உயர்த்தினால் இரண்டிலிருந்தும் ஒரே அசைவில் காற்றை விடலாம், வலது கை சும்மா இருக்கும். இன்னொரு காரணம், உங்களுக்கு ஏதாவது ஆனால் உதவ வருபவர் யோசிக்காமல் அங்கேதான் கை வைப்பார். வித்தியாசமான இடத்தில் வால்வு வைத்துக்கொள்பவர் ஒவ்வொரு டைவுக்கு முன்னும் கூட வருபவரிடம் அதைக் காட்ட வேண்டும், அமுக்கியும் காட்ட வேண்டும்.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். தொடையில் ஒரு வால்வு வைத்த சூட்டையும் பார்ப்பீர்கள். அது காற்றுக்கானது அல்ல, நீண்ட டைவில் சிறுநீரை வெளியேற்றுவதற்கானது. "எனக்கு இரண்டு எக்ஸாஸ்ட் வால்வு இருக்கிறது" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

மூன்றாம் படி: கண்ணாடி முன் நின்று இடத்தைப் பாருங்கள்

அவசரப்படாமல் செய்யுங்கள். முழு உட்சூட்டையும் போட்டு, அதற்கு மேல் சூட், அதற்கு மேல் ஹார்னஸ் (சிலிண்டரைத் தாங்கும் பட்டைகள்) அல்லது பி.சி.டி. எல்லாம் மாட்டிக்கொள்ளுங்கள். வெறும் டி-சர்ட்டுக்கு மேல் சூட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். உட்சூட் உள்ளே போனால் வால்வு இருக்கும் இடம் சில செ.மீ. நகரும்.

இப்போது தண்ணீரில் கிடைநிலையில் நீந்துவது போல இடுப்பை வளைத்து முன்னால் குனியுங்கள். முதுகு தரைக்கு இணையாக இருக்கட்டும். இடது முழங்கையை மட்டும் மேலே தூக்குங்கள். பக்கத்தில் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்: வால்வின் முகம் எங்கே பார்க்கிறது? மேலே கூரையைப் பார்த்தால் சரி. சுவரைப் பார்த்தால் பரவாயில்லை, கொஞ்சம் உடம்பைச் சாய்த்தால் மேலே வந்துவிடும். தரையைப் பார்த்தால் அந்தச் சூட் வேண்டாம், அல்லது வால்வை வேறு இடத்துக்கு மாற்றித் தரச் சொல்ல வேண்டும்.

அப்புறம் நிமிர்ந்து நில்லுங்கள். முழங்கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்குங்கள். ஹார்னஸின் தோள்பட்டை வால்வின் மேல் ஏறுகிறதா? தோளுக்கு மிக அருகில் வைத்த வால்வில் இது அடிக்கடி நடக்கும். பட்டை ஏறி அமுக்கினால் வால்வு தானாகத் திறந்து திறந்து மூடும், அல்லது குமிழைத் திருக முடியாமல் போகும். முழங்கைக்கு மிக அருகில் இருந்தால் கை மடங்கும்போது துணி சுருங்கி வால்வைச் சாய்க்கும். இரண்டுக்கும் நடுவே, மேல்கையின் வெளிச்சதையில் இருப்பதே நல்லது.

கடைசியாக, கண்ணை மூடிக்கொண்டு வலது கையால் வால்வைத் தொடுங்கள். தேடாமல் கை நேராகப் போக வேண்டும்.

நான்காம் படி: குமிழைக் கையுறையோடு திருகிப் பாருங்கள்

கடையில் வெறும் விரலால் திருகினால் எல்லா வால்வும் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் கையுறையைக் கையோடு கொண்டுபோங்கள். ஒவ்வொரு படிக்கும் "டிக்" என்று ஒரு சின்னத் தடை வருகிறதா, அது கையுறைக்குள் இருக்கும் விரலுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால்தான் "முழுதாகத் திறந்ததிலிருந்து இரண்டு டிக்" என்று கணக்கு வைக்க முடியும். முழுதாக மூடியதிலிருந்து முழுதாகத் திறக்க எத்தனை சுற்று என்பது மாடலுக்கு மாடல் மாறும். சுற்று அதிகம் இருந்தால் நுணுக்கமாக வைக்கலாம், குறைவாக இருந்தால் சட்டென்று திறக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். அவசரத்தில் எண்ணிக்கொண்டிருக்க மனம் வராது.

திசையில் புதியவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது குழம்புவார்கள். வால்வு வெளிப்பக்கம் பார்க்கிறது, நீங்களோ அதற்குப் பின்னால் இருந்து கையை வளைத்துத் திருகுகிறீர்கள். வலஞ்சுழி எது என்று மனதுக்குள் படம் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். இடது கையைத் தொங்கவிட்டு, வலது கையைக் குமிழின் மேல் வையுங்கள். குமிழின் மேல்விளிம்பு முன்பக்கமாக வந்தால் திறக்கிறது, பின்பக்கமாகப் போனால் மூடுகிறது. வெளிப்பக்கம் பார்க்கும் இடது கை வால்வு, மேலே சொன்னபடி வலஞ்சுழியாக மூடும் வகையாக இருந்தால் இது எப்போதும் பொருந்தும். இரண்டு நாள் வீட்டில் பழகினால் கை தானாகச் செய்யும்.

குமிழின் முகத்தை உள்ளங்கையால் அமுக்கினால் கையால் காற்றை விடும் வசதியும் வேண்டும். இது வழக்கமாக எல்லா மேல்கை வால்விலும் இருக்கும். ஆனால் எவ்வளவு பலமாக அமுக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: உயரம், உள்தட்டு, காற்றோட்டம்

தட்டையான வால்வு, உயரமான வால்வு என்று இரண்டு விதமும் கிடைக்கும். தட்டையானது பட்டையிலும் வலையிலும் கயிற்றிலும் சிக்காது, சூட்டைக் கழற்றும்போதும் தொந்தரவில்லை. உயரமானதில் தடித்த கையுறைக்குப் பிடி நன்றாகக் கிடைக்கும். சிதைந்த கப்பல்களுக்குள்ளும் குகைகளிலும் போகிறவர்கள் தட்டையானதைத் தேடுவார்கள். திறந்த நீரில் மட்டும் போகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை.

நான் அதிகம் கவனிக்கச் சொல்வது, யாரும் திருப்பிப் பார்க்காத உள்பக்கத்தை. சூட்டின் கையை உள்ளே இருந்து வெளியே புரட்டுங்கள். வால்வின் அடித்தட்டில் காற்று நுழைய ஓட்டைகள் இருக்கும். அந்த ஓட்டைகளைச் சுற்றி மேடு, வரிப்பு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் உட்சூட் அதன்மேல் அப்பிக்கொண்டாலும் இடைவெளி வழியாகக் காற்று போகும். தட்டு வழுவழுப்பாக இருந்தால் உட்சூட் ஈரத்துணி போல ஓட்டையில் உட்கார்ந்துவிடும். இதற்காகவே சில உட்சூட்களில் அந்த இடத்தில் வலைத்துணி வைத்துத் தைத்திருப்பார்கள். அப்படி இல்லையென்றால் தடித்த, காற்று புகாத மேல்துணி உள்ள உட்சூட்டோடு வழுவழுப்பான உள்தட்டைச் சேர்க்காதீர்கள். என் 5 மீட்டர்க் கதையில் பாதிக் குற்றம் இதற்குத்தான்.

காற்றோட்ட அளவைப் பற்றி விளம்பரங்களில் நிறைய வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 மீட்டரிலிருந்து நிதானமாக ஒரு நிமிடத்தில் மேலே வருபவர், சூட்டுக்குள் 10 லிட்டர் வைத்திருந்தால், அந்த ஒரு நிமிடத்தில் வெளியே விட வேண்டியது கூடுதலாக வரும் 10 லிட்டரை மட்டும்தான். ஒழுங்காக ஏறுபவருக்கு எந்த நல்ல வால்வும் போதும். அதிகக் காற்றோட்டம் தேவைப்படுவது கெட்ட நாளில்: இன்ஃப்ளேட்டர் பொத்தான் அமுங்கியபடியே மாட்டிக்கொண்டு காற்று வந்துகொண்டே இருக்கும் நாளில். அப்போது உள்ளே வருவதைவிட வெளியே போவது வேகமாக இருக்க வேண்டும். அதனால் இன்ஃப்ளேட்டரையும் எக்ஸாஸ்ட்டையும் ஒரே தயாரிப்பாளரிடமிருந்து ஜோடியாக வாங்குவதுதான் பாதுகாப்பு. வேகமாக நிரப்பும் இன்ஃப்ளேட்டரோடு பழைய மெதுவான எக்ஸாஸ்ட்டை நீங்களாகச் சேர்க்காதீர்கள். டிரை சூட்களுக்கு என்றே ஐரோப்பாவில் இ.என். 14225-2 என்ற தரநிலை இருக்கிறது. சூட்டின் கையேட்டில் அந்த எண் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பெயர்கள் வேண்டுமா? ஸ்வீடனின் எஸ்.ஐ. டெக், பிரிட்டனின் ஏபெக்ஸ், இந்த இரண்டின் வால்வுகளைத்தான் பல சூட் தயாரிப்பாளர்கள் தங்கள் சூட்டில் பொருத்தி விற்கிறார்கள். இரண்டும் நன்றாகவே உழைக்கும். உங்களுக்கு அருகில் எதற்கு உதிரிபாகமும் பழுது பார்ப்பவரும் கிடைக்கிறார்களோ அதை எடுங்கள். இதற்கு மேல் இதில் ஆராய்ச்சி வேண்டியதில்லை.

ஆறாம் படி: பழைய சூட்டில் புது வால்வு பொருத்துவதென்றால்

வால்வு இரண்டு பாகமாக வரும்: துணியின் வெளியே ஒன்று, உள்ளே நட்டுப் போன்ற அடித்தட்டு ஒன்று. நடுவே துணியும் வாஷரும் நசுங்கிப் பிடிக்கும். ஒரு நிறுவனத்தின் மேல்பாகம் இன்னொன்றின் அடித்தட்டில் திருகும் என்று நம்பாதீர்கள். மரை ஒத்துப்போவது போல ஒரு சுற்று ஏறிவிட்டுப் பிடித்துக்கொள்ளும், பலம் கொடுத்தால் பிளாஸ்டிக் மரை போய்விடும். துணியில் இருக்கும் ஓட்டையின் விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஓட்டை சிறியதாக இருந்தால் பெரிதாக்கலாம், பெரியதாக இருந்தால் ஒட்டுப்போட வேண்டியிருக்கும்.

மாற்றும்போது கையால் இறுக்கினால் போதும். பெரிய இடுக்கி வைத்து முறுக்கினால் வாஷர் பிதுங்கி, இறுக்கிய இடத்திலேயே ஒழுகும். துணியில் புதிதாக ஓட்டை போடுவதை மட்டும் சூட் பழுது பார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள். டிரைலாமினேட்டில் கத்திரிக்கோலால் வெட்டிய ஓட்டையின் ஓரத்தில் நூல் பிரிந்து, அந்த நூல் வழியாகவே தண்ணீர் ஏறும்.

ஏழாம் படி: நீச்சல் குளத்தில் சோதனை

வாங்கியதும் நேராகக் கடலுக்கோ ஏரிக்கோ போகாதீர்கள். பயிற்சியாளரோடு குளத்தில் இரண்டு மணி நேரம் போதும்.

வால்வை முழுதாகத் திறந்துகொண்டு, கிடைநிலையில் மிதந்தபடி சூட்டில் கொஞ்சம் காற்று விடுங்கள். உடம்பு உயரத் தொடங்கியதும் இடது முழங்கையைத் தூக்குங்கள். ஓரிரு விநாடிக்குள் குமிழிகள் வர வேண்டும். கையை இறக்கினால் நிற்க வேண்டும். இதைப் பத்துத் தடவை செய்யுங்கள். அடுத்து குமிழை நான்கைந்து டிக் மூடிவிட்டு அதையே செய்யுங்கள், வித்தியாசம் உடம்புக்கே தெரியும். பிறகு காற்றைக் காலுக்கு அனுப்பிப் பாருங்கள், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். தலை கீழே, கால் மேலே என்று ஆகிவிட்டால் மேல்கை வால்வு எதுவும் செய்யாது. காற்று காலில், வால்வு கீழே. உடம்பைப் பந்து போலச் சுருட்டி உருண்டு, தலையை மேலே கொண்டுவந்த பிறகுதான் அது மறுபடி வேலை செய்யும். எவ்வளவு விலையுள்ள வால்வும் இந்த உருளலுக்கு மாற்று இல்லை.

கடலில் பொதுவான வழக்கம் இப்படி: நீர்மட்டத்தில் அலையில் மிதக்கும்போது வால்வை மூடி வையுங்கள், காற்று தங்கும். இறங்கத் தொடங்கும்போது முழுதாகத் திறந்துவிடுங்கள். டைவின் நடுவே காற்று தேவையில்லாமல் போகிறது என்றால் ஓரிரு டிக் மூடிக்கொள்ளலாம். ஆனால் ஏறத் தொடங்குவதற்கு முன் மீண்டும் முழுதாகத் திறந்திருக்கிறதா என்று கை வைத்துப் பாருங்கள். மறந்து மூடிய வால்வோடு ஏறுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறுகளில் மோசமானது. இன்ஃப்ளேட்டர் மாட்டிக்கொண்டால் அதன் குழாயைப் பிடுங்கிவிட்டு, வால்வைத் திறந்து முழங்கையைத் தூக்குங்கள். இந்த வரிசையையும் குளத்திலேயே பழகுங்கள்.

இடது கை மட்டும் நனைகிறதா?

டிரை சூட் போடுபவர்களிடம் அதிகம் கேட்கும் புலம்பல் இது. உடனே வால்வைத் திட்டாதீர்கள். முதலில் மணிக்கட்டு சீலைப் பாருங்கள். எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டுத் தசைநாண்கள் புடைத்து, இரண்டு நாணுக்கு நடுவே பள்ளம் விழும். அந்தப் பள்ளம் வழியாகத் தண்ணீர் ஏறும். ஈரம் முழங்கைக்குக் கீழே மட்டும் இருந்தால் சீல், மேல்கையில் வட்டமாக இருந்தால் வால்வு. உட்சூட் முழுக்கச் சீராக ஈரமாக இருந்தால் அது வியர்வை.

வால்வுதான் என்றால், சூட்டின் கையைப் புரட்டி, குமிழைத் திறந்த நிலையில் வைத்து, உள்பக்கத்து ஓட்டையில் வாயை வைத்து உறிஞ்சிப் பாருங்கள். காற்று வரக்கூடாது. வந்தால் தண்ணீரும் வரும். காரணம் பெரும்பாலும் அழுக்குதான். நான் ஒரு முறை கழற்றிப் பார்த்தபோது சவ்வின் விளிம்பில், நகத்தில் ஒட்டும் அளவுக்கு, உட்சூட்டின் நீலப் பஞ்சு ஒரு சிறு திரியாக உருண்டு கிடந்தது. அந்தத் திரி சவ்வை ஒரு மயிரிழை தூக்கி நிறுத்த, ஒரு டைவுக்கு ஒரு கை நனைந்தது. மணல், தலைமுடி, லேடெக்ஸ் சீலுக்குப் போடும் டால்கம் பவுடர் எல்லாம் இதே வேலையைச் செய்யும். பவுடரைச் சீலுக்கு மட்டும் தடவுங்கள், சூட்டுக்குள் கொட்டாதீர்கள்.

ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். குமிழைத் திறந்தும் மூடியும் திருகி, அமுக்கி அமுக்கி, உப்பு போகும்வரை வெளிப்பக்கம் தண்ணீர் ஓட விடுங்கள். குமிழ் கரகரவென்று திரும்பினால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊற வையுங்கள். இறுகிவிட்டதே என்று சிலிக்கோன் ஸ்பிரே மட்டும் அடிக்காதீர்கள். அது துணியில் பரவி, பின்னால் சீல் மாற்றவோ ஒட்டுப்போடவோ போகும்போது பசை பிடிக்காது. உறைபனிக் குளிரில், முதல் டைவுக்கும் இரண்டாவது டைவுக்கும் நடுவே வால்வில் தங்கிய நீர் உறைந்துவிடும். தண்ணீரில் இறங்குவதற்கு முன் குமிழைத் திருகி, அமுக்கிப் பாருங்கள்.

கழுவியும் ஊற வைத்தும் உறிஞ்சும் சோதனையில் காற்று வந்தால் சவ்வு வளைந்துவிட்டது அல்லது ஸ்பிரிங் துருப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். பல மாடல்களை வீட்டில் பிரித்துப் பழுது பார்க்க முடியாது, முழு மேல்பாகத்தையும் மாற்ற வேண்டியதுதான். அப்படி மாற்றும்போது பழையது இருந்த இடம் உங்களுக்குச் சரியாக இருந்ததா என்று ஒரு முறை குனிந்து, முழங்கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.